வீட்ல பீட்சா போடறவங்களுக்கு: முதல்ல அடுப்பு, அப்புறம் மாவு, கடைசியா டாப்பிங்

சிஸ்டர், நீங்க கேட்டது இதுதான். சேலத்துல இருக்கீங்க, லீவுல பசங்களுக்காக வீட்லயே பீட்சா போடறீங்க, ரெடிமேட் பேஸ் வாங்கி கேப்சிகம், ஸ்வீட்கார்ன், பனீர் தூவி ஓடிஜில (கரண்ட்ல ஓடற சின்ன ஓவன்) வெச்சா ஓரம் காஞ்சு போகுது நடுவுல சொதசொதன்னு ஆகுது, அதே டாப்பிங் எல்லாருக்கும் அலுத்தும் போச்சு. மாமியார் வீடு ஏற்காடு, அங்க ஓவன் கிடையாது, வீட்ல ஒருத்தருக்கு கோதுமையே ஆகாது. டாப்பிங் ஐடியா, வேற வேற பேஸ் ரெண்டும் சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் வீட்ல இருந்து ஆர்டருக்கு பேக் பண்றவ, பீட்சா மாவுல கை வெச்சு ரொம்ப வருஷமாச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேங்க.

டாப்பிங் லிஸ்டை இப்பவே கொடுத்துடலாம், ஆனா கொடுத்தாலும் அதே சொதசொதப்புதான் வரும். எந்த டாப்பிங் போடலாம்னு முடிவு பண்றது உங்க அடுப்போட சூடுதான். இத்தாலில நேப்பிள்ஸ் ஊர் பீட்சா வேகறது விறகு அடுப்புல, சூடு 430 டிகிரிக்கு மேல, 60லிருந்து 90 செகண்ட்ல வெளிய வந்துடும். அந்த ஒன்றரை நிமிஷத்துல தக்காளியும் சீஸும் தண்ணி விடறதுக்கே நேரம் இருக்காது. நம்ம ஓடிஜி முழுசா ஏத்தினாலும் 230, 250தான், பீட்சா வேக 8லிருந்து 12 நிமிஷம் ஆகும். கேப்சிகம், காளான் இதெல்லாம் பத்துல ஒன்பது பங்கு தண்ணி, அவ்ளோ நேரம் உள்ள இருந்தா அது மொத்தமும் பேஸ் மேலதான் இறங்கும். அதுவும் ரெடிமேட் பேஸ் ஏற்கனவே வெந்தது, மறுபடி வெச்சா ஓரம் காயும், நடுவுல இருக்கறது தண்ணிய குடிச்சிட்டு உக்காந்துக்கும். உங்க கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்லீங்க. நம்ம சூட்டுக்கு ஏத்த பேஸ், தண்ணி விடாத டாப்பிங், இந்த ரெண்டையும் புடிச்சுட்டா போதும்.

சூட்டை ஏத்த ஒரு வழி உங்க சமையக்கட்டுலயே இருக்கு, பழைய வார்ப்பு இரும்பு தோசைக்கல்லு. கைப்பிடி இல்லாததா, ஓடிஜிக்குள்ள போற சைஸா இருந்தா அதை கவுத்து கீழ் தட்டுல வெச்சு, ஃபுல் சூட்டுல 40 நிமிஷம் காய விடுங்க. ஓவனுக்குள்ள இருக்கற காத்துல மாவோட அடிப்பக்கம் வேகறது ரொம்ப மெதுவா நடக்கும், கனமான இரும்பு அந்த 40 நிமிஷ சூட்டையும் புடிச்சு வெச்சிருந்து மாவு பட்ட உடனே அடியில கொடுக்கும், அப்பதான் அடி மொறுமொறுன்னு கருப்பு புள்ளியோட வரும். பீட்சாவ பட்டர் பேப்பர் மேல தேய்ச்சு அப்படியே கல்லு மேல நகர்த்தி விடுங்க, பேப்பர்ல எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும் பாத்துக்கோங்க, பாதி வெந்ததும் பேப்பரை உருவிடணும். கடைசி ரெண்டு நிமிஷம் மேல் ராடு மட்டும் போட்டா சீஸ்ல நிறம் வரும். நான்ஸ்டிக் கல்லை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க, அந்த கோட்டிங் வெறும் சூட்டுக்கு ஆகாது.

இப்ப மாவு. நம்ம ஊர் மைதால புரோட்டீன் கொஞ்சம் கம்மி, பாக்கெட் பின்னாடி பாத்தீங்கன்னா 100 கிராமுக்கு 10, 11 கிராம் இருக்கும், வெளிநாட்டு பிரட் மாவுல அதைவிட கூட இருக்கும். அதனால யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க சொல்ற அளவு தண்ணிய அப்படியே ஊத்தினா நம்ம மைதா கையெல்லாம் ஒட்டும், நிக்காது. நான் வழக்கமா போடறது அரைக்கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணி, 10 கிராம் உப்பு, ரெண்டு கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய். ரெண்டு கிராம்ங்கறது அரை டீஸ்பூனுக்கு கொஞ்சம் மேல. புரோட்டா மாஸ்டருங்க மைதாவ அடிச்சு பிசைஞ்சு எண்ணெய் தடவி ஊற விடறாங்களே, காரணம் இங்கயும் அதேதான், ஊறினா மாவு தளர்ந்து கொடுக்கும், இழுத்தா கிழியாது. மூணு உருண்டை வரும், ஒண்ணு 10 இஞ்சுக்கு சரியா இருக்கும்.

சேலம் வெயில் இதுல ரொம்ப முக்கியமான விஷயம். ஏப்ரல், மே மாசம் 38, 40 டிகிரி அடிக்கறப்ப ஒரு மணி நேரத்துக்குள்ளயே மாவு பொங்கி நிக்கும், பாக்க சந்தோஷமா இருக்கும், ஆனா ருசி வந்திருக்காது, ஈஸ்ட் வாசனைதான் தூக்கலா அடிக்கும். கோடைல ஐஸ் தண்ணில பிசைஞ்சு, கால் மணி நேரம் மட்டும் வெளிய வெச்சுட்டு உடனே எண்ணெய் தடவின டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. ஒரு ராத்திரி குறைஞ்சபட்சம், ரெண்டு நாள் இருந்தா இன்னும் நல்லது. மெதுவா புளிக்கற மாவுல வர்ற வாசனை வேற எதுலயும் வராதுங்க, நம்மள மாதிரி தினம் இட்லி மாவு புளிப்பை மோந்து பாக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேணாம். சுடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வெச்சா போதும். ஏற்காட்டுல கதை வேற, 1500 மீட்டர் உயரத்துல காத்தழுத்தம் கம்மிங்கறதால மாவு சுலபமா உப்பும், ஆனா சாயங்கால குளிர் ஈஸ்ட்டை இழுத்து புடிச்சுடும், அங்க வெதுவெதுப்பான தண்ணில பிசைஞ்சு அடுப்படி பக்கத்துல துணி மூடி வைங்க, ஃப்ரிட்ஜ் தேவைப்படாது.

இந்த ஒரே மாவுல பேஸை பல மாதிரி பண்ணலாம். ஓடிஜி வெச்சிருக்கறவங்களுக்கு நான் முதல்ல சொல்றது பேன் பீட்சா. அமெரிக்கால டெட்ராய்ட் ஊர்ல 1946ல ஆரம்பிச்ச வகை, கார் ஃபேக்டரில நட்டு போல்ட்டு போட்டு வெச்சிருந்த இரும்பு ட்ரேல மாவு போட்டு சுட்டாங்க, அதான் இன்னிக்கும் அது செவ்வகமா இருக்கு. இதுக்கு மாவுல தண்ணி கொஞ்சம் கூட, அரைக்கிலோவுக்கு 330, 340 மில்லி. கேக் டின்னுல எண்ணெய தாராளமா விட்டு மாவை கையால அமுக்கி பரப்பி ஒரு மணி நேரம் விட்டுடுங்க. சீஸை ஓரம் வரைக்கும், டின் சுவத்துல படற மாதிரியே போடணும், அது எண்ணெயோட சேந்து பொரிஞ்சு ஓரத்துல மொறுமொறுன்னு ஒரு வேலி கட்டும், பசங்க அந்த ஓரத்துக்குத்தான் அடிச்சுக்குவாங்க. சாஸ் கடைசியா மேல கோடு கோடா. அடியில எண்ணெய் இருக்கறதால 230 டிகிரிலயே நல்லா வெந்துடும், சொதசொதப்பு வரவே வராது.

தின் க்ரஸ்ட் வேணும்னா உருண்டைய சப்பாத்திக் கட்டைலயே மெலிசா தேய்ச்சு, முள் கரண்டியால முழுக்க குத்தி, சாஸ் போடறதுக்கு முன்னாடி மூணு நாலு நிமிஷம் வெறும் பேஸா வேக வெச்சுக்கோங்க. ரெடிமேட் பேஸுக்கும் இது பொருந்தும், ரெண்டு பக்கமும் எண்ணெய் தடவி தோசைக்கல்லுல அடிய மட்டும் சிவக்க விட்டு அப்புறம் டாப்பிங் போட்டீங்கன்னா பாதி பிரச்சனை தீந்துடும்.

ராகி பேஸ் நம்ம பக்கத்துக்கு ரொம்ப வாகா இருக்கும், ஆனா ராகில குளூட்டன், அதாவது மாவுக்கு இழுவை தர்ற புரோட்டீன் கிடையாது, அதனால மொத்த மாவுல ஐந்துல ஒரு பங்குக்கு மேல போகாதீங்க. 100 கிராம் ராகி மாவை 150 மில்லி கொதிக்கற தண்ணில களி மாதிரி கிண்டி ஆற வெச்சு 400 கிராம் மைதாவோட பிசைஞ்சா விரிசல் விடாம வரும், பச்சையா கலந்தா ஓரமெல்லாம் வெடிக்கும். கிண்டின தண்ணியையும் மொத்த தண்ணி கணக்குல சேத்துக்கணும், மீதி 150ஐ கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

கோதுமை ஆகாதவருக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்கல்ல, அதுக்கு பதில் நம்ம ஊர்லயே விளையுதுங்க, மரவள்ளி. ஆத்தூர் ரோட்டுல போனா ஜவ்வரிசி காயப்போட்டிருக்கற களத்தை பாத்திருப்பீங்க, சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடே கிடைச்சுது. அந்த ஜவ்வரிசி ஆகறதுக்கு முன்னாடி இருக்கற வெள்ளை ஸ்டார்ச் மாவு, அதை வெச்சுத்தான் பிரேசில்ல சீஸ் உருண்டை சுடறாங்க, ஒரு சொட்டு கோதுமை இல்லாம வெளிய மொறுமொறுன்னு உள்ள இழுவையா வரும். அதே முறையில பேஸ் போடலாம். 200 கிராம் ஸ்டார்ச் மாவு ஒரு கிண்ணத்துல, 100 மில்லி பால், 40 மில்லி எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு மூணையும் சேத்து பொங்கி வர்ற வரைக்கும் கொதிக்க விட்டு அந்த சூட்டோடயே மாவு மேல ஊத்தி கரண்டியால கிளறுங்க. இந்த இடத்துல பால் நல்லா கொதிச்சிருக்கணும், சூடு பத்தலன்னா மாவு வேகாம கரைஞ்சு ஓடும், சரியா கொதிச்சிருந்தா மாவு அங்கங்க கண்ணாடி மாதிரி ஆகி திரி திரியா கட்டும், பாக்க கெட்டுப்போன மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க. கை பொறுக்கற சூடு வந்ததும் ஒரு முட்டை, 80 கிராம் துருவின சீஸ் போட்டு பிசைஞ்சா வழவழன்னு உருண்டு வந்துடும். கைல ஒட்டினா எண்ணெய் தொட்டுக்கோங்க, தூளா உதிர்ந்தா ஒரு ஸ்பூன் பால். எண்ணெய் தடவின ட்ரேல மெலிசா தட்டி 220 டிகிரில 12லிருந்து 15 நிமிஷம், மேல லேசா சிவந்ததும் டாப்பிங் போட்டு இன்னொரு 6, 7 நிமிஷம். சூடா சாப்பிட்டுடணும், ஆறினா ரப்பராயிடும்.

வாங்கும்போது ஒரு கவனம், கிழங்கை காய வெச்சு அப்படியே அரைச்ச மாவு வேற, ஸ்டார்ச் வேற, வெள்ளை வெளேர்னு விரல்ல நறநறன்னு இருக்கறதுதான் ஸ்டார்ச். ஜவ்வரிசிய மிக்ஸில அரைச்சு போடலாமான்னா வேணாம், அது செய்யறப்பவே சூடு பட்டு பாதி வெந்தது, தண்ணிய இழுத்துக்கற கணக்கே மாறிடும். கோதுமை ஒத்துக்காதவருக்கு போடறப்ப கூட்டுப் பெருங்காயம் கலந்த பொடியையும் தவிர்த்துடுங்க, நிறைய கூட்டுப் பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருக்கும்.

சாஸுக்கு நாட்டுத் தக்காளியும் பெங்களூர் தக்காளியும் பாதிக்குப் பாதி. நாட்டுல புளிப்பும் வாசனையும் இருக்கு, பெங்களூர்ல சதை இருக்கு. விதைய வழிச்சுட்டு அரைச்சு, எண்ணெய்ல நசுக்கின பூண்டு போட்டு, ஊத்தினது பாதிக்கும் கீழ சுண்டற வரைக்கும் விடுங்க, கரண்டியால கோடு போட்டா கோடு நிக்கணும். ஓரிகானோ பாக்கெட்டை தேட வேணாம், வாசல்ல கற்பூரவல்லி இருக்கும்ல, ஓரிகானோவுக்கு அந்த வாசனை தர்ற அதே கார்வக்ரால்ங்கற பொருள் இதுலயும் இருக்கு. ரெண்டு இலைய பொடியா நறுக்கி கடைசில போட்டா போதும், மூணாவது இலை போட்டா கஷாய வாசனை வந்துடும். பேசிலுக்கு திருநீற்றுப் பச்சிலை, ரெண்டும் ஒரே செடிதான், நம்மளது கொஞ்சம் காட்டமா இருக்கும், அதனால பீட்சா வெளிய வந்த அப்புறம் கிள்ளி போடுங்க.

பீட்சாவுக்கு நல்லா இழுபடற சீஸ் மொஸரெல்லாதான், ஸ்லைஸா வர்ற பிராசஸ்டு சீஸ் உருகி வழியுமே தவிர நூல் வராது. பனீர் சூடான பால்ல எலுமிச்சையோ வினிகரோ விட்டு திரிக்கறது, அது எவ்வளவு சூடு பட்டாலும் உருகாது, அதை சீஸ் கணக்குல சேக்காதீங்க, அது டாப்பிங். 10 இஞ்சுக்கு 80லிருந்து 100 கிராம் மொஸரெல்லா, மூணு டேபிள்ஸ்பூன் சாஸ், அதுக்கு மேல வேணாம். ஃப்ரீசர்ல இருந்து நேரா எடுத்து தூவினா நம்ம ஓடிஜியோட நீண்ட நேரத்துக்கு எண்ணெய் பிரியாம தாக்குப் புடிக்கும்.

இனி டாப்பிங். சேலத்துக்காரங்க முதல்ல போட வேண்டியது, தட்டுவடைல சட்னியும் துருவின காயும் வெச்சு தர்ற நம்ம ஊர் தட்டுவடை செட் இருக்கே, அந்த மாதிரி பீட்சாங்க, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. தின் க்ரஸ்ட்டை நல்லா மொறுமொறுன்னு சுட்டு, தக்காளி சாஸுக்கு பதில் பூண்டு வரமிளகா சிவப்பு சட்னிய மெலிசா தடவி, கொஞ்சமா மொஸரெல்லா மட்டும் போட்டு வேக விடுங்க. வெளிய எடுத்த அப்புறம்தான் மீதி எல்லாம். துருவின பீட்ரூட், கேரட், பொடியா நறுக்கின வெங்காயம் மூணுலயும் ஒரு சிட்டிகை உப்பு போட்டு அஞ்சு நிமிஷம் விட்டு உள்ளங்கைல வெச்சு இறுக்கி பிழிஞ்சு எடுத்து தூவணும், பீட்ரூட் தண்ணி சிவப்பா எவ்ளோ வழியும்னு பாருங்க, அது மொத்தமும் இல்லன்னா பேஸுக்குள்ளதான் போயிருக்கும். அது மேல புதினா கொத்தமல்லி பச்சை சட்னிய சொட்டு சொட்டா விட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, தட்டுவடைய கையால நொறுக்கி தூவி உடனே சாப்பிடணும். சூடான சீஸ் மேல குளிர்ச்சியா பீட்ரூட், அதுக்கு மேல நொறுக்கல் கடிபடறது, சூப்பரா இருக்கும்.

கறி சாப்பிடறவங்கன்னா பள்ளிபாளையம் சிக்கன். மசாலாப் பொடியே இல்லாம வரமிளகா, சின்ன வெங்காயம், கருவேப்பிலை, தேங்கா பத்தையோட வதக்கறது, குழம்பே கிடையாது, பீட்சாவுக்குன்னே செஞ்ச மாதிரி காஞ்சு இருக்கும். கோழிய சின்னதா நறுக்கி முழுசா வேக வெச்சுட்டுத்தான் போடணும், பச்சைக் கறி பீட்சா மேல வேகாது. மட்டன் சுக்காவும் இப்படித்தான், பிச்சு பிச்சு போடுங்க, கூட சின்ன வெங்காயம் மட்டும் போதும்.

மாம்பழ சீசன்ல கிளிமூக்கு செங்காயா எடுத்து மெலிசா சீவி, பச்சை மிளகா, மிளகுத்தூள் புரட்டின பனீரோட போட்டு பாருங்க. பழம் போட்ட பீட்சாவான்னு முகம் சுளிக்கறவங்க இருப்பாங்க, அன்னாசி பீட்சாவ 1962ல கனடால ஒரு ஓட்டல்காரர் போட்டப்பவும் இதே சண்டைதான் வந்திருக்கும். மல்கோவா மட்டும் வேணாம், அவ்ளோ சாறு, அதை பீட்சால வீணாக்கறது பாவம்.

ஏற்காடு போறப்ப எஸ்டேட்ல பச்சை மிளகு கொத்து கிடைச்சா விடாதீங்க, சில்வர் ஓக் மரத்துல ஏறி நிக்கறதுதான். காளானை வெறும் கல்லுல உப்பு போட்டு தண்ணி சத்தம் அடங்கற வரைக்கும் வதக்கி, பச்சை மிளகை உதிர்த்து போட்டு, சாஸுக்கு பதில் வெறும் பூண்டு எண்ணெய் தடவின பேஸ்ல போட்டா அதுக்கு மேல ஒண்ணும் வேணாம். பலாப்பிஞ்சை வேக வெச்சு பிச்சு மிளகு சீரகத்துல சுக்கா மாதிரி வதக்கியும் போடலாம், கறி சாப்பிடாதவங்களுக்கு நிறைவா இருக்கும். பட்டர் ஃப்ரூட்டை மட்டும் அடுப்புல வைக்காதீங்க, சூடு பட்டா கசக்கும், சுட்ட அப்புறம் மேல அடுக்கி உப்பு தூவணும். இட்லிப் பொடிய நல்லெண்ணெய்ல குழைச்சு பேஸோட ஓரத்துல தடவி விட்டா அந்த வெறும் ஓரத்தையும் யாரும் தட்டுல மிச்சம் வைக்க மாட்டாங்க. ஸ்வீட்கார்ன், கேப்சிகம் உங்க பசங்களுக்கு வேணும்னா இருக்கட்டும், ஆனா தனியா கல்லுல ரெண்டு நிமிஷம் வாட்டிட்டு போடுங்க.

மாமியார் வீட்ல ஓவன் இல்லாததுக்கு கவலையே வேணாம், கேஸ் அடுப்பும் தோசைக்கல்லும் போதும். மாவை ஊத்தப்பத்தை விட மெலிசா, சாதா தோசைய விட தடிமனா தேய்ச்சு, நல்லா காஞ்ச கல்லுல எண்ணெய் இல்லாம போட்டு ரெண்டு நிமிஷம், அடியில புள்ளி விழுந்ததும் எடுத்து திருப்பிப் போட்டு, தீயை சிம்முக்கு கொண்டு வந்துடுங்க. வெந்த பக்கம் இப்ப மேல இருக்கும், அது மேல சாஸ் தடவினா உள்ள இறங்காது, இந்த முறையோட அருமையே இங்கதான் இருக்கு. சீஸ், டாப்பிங் போட்டு மூடி அஞ்சு நிமிஷம். மூடில ஆவி தண்ணியா கோத்து சொட்டும், குளிர்ல இன்னும் அதிகமா கோக்கும், அதனால மூடிய ஒரு துணி சுத்தி கட்டிடுங்க, துணி முனை நெருப்புக்கு தொங்காம மேல முடிச்சு போட்டுக்கணும். கடைசி ஒரு நிமிஷம் மூடிய எடுத்துட்டு தீயை ஏத்துங்க. மேல சீஸ் சிவக்காது, வெள்ளையாத்தான் உருகி இருக்கும், ருசில ஒரு குறையும் இருக்காது. மரவள்ளி பேஸையும் கல்லுல போடலாம், எண்ணெய் விட்டு சின்னச் சின்னதா அடை சைஸ்ல தட்டினீங்கன்னா திருப்ப சுலபமா இருக்கும், முழுசா சிம்லயே ரெண்டு பக்கமும் நிதானமா வேக விட்டு அப்புறம் டாப்பிங். கோதுமை மாவு பட்ட கல்லை நல்லா தேய்ச்சு கழுவிட்டு போடுங்க, முடிஞ்சா அவருக்கு முதல்ல சுட்டுக் கொடுத்துட்டு மத்தவங்களுக்கு ஆரம்பிங்க.